நூற்று அறுபத்தாறு சென்டிமீட்டர்

அவள் அசையவில்லை. அசையாதே என்று சொன்னது நான்தான், நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பாயை விரித்துப் படுக்க வைத்த கையோடு சொன்னேன், இப்போது காலை ஏழேகால், பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, என் மகள் இன்னும் மல்லாக்கத்தான் கிடக்கிறாள், எங்கள் வீட்டுத் தரையில் இல்லை, நாற்பது கிலோமீட்டர் தள்ளி, விளையாட்டு விடுதியின் உள்ளரங்க வராந்தாவில், அதே பாயில், அதே கோடு போட்ட போர்வைமேல். தகரக் கூரைக்குக் கீழே இரும்புச் சட்டத்தில் புறாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவள் அவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று உதடு அசைவதில் தெரிகிறது. எண்ணட்டும், எண்ணுவதால் உயரம் குறையாது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால், அப்பா, மூக்கு அரிக்குது, சொறிஞ்சா ஒண்ணும் குறைஞ்சிராதுல்ல, என்று கேட்டாள், கேலியாகத்தான் கேட்டாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, சொறிந்துகொள், கையை மட்டும் தூக்கு, தோளைத் தூக்காதே என்றேன். அவள் அம்மாவாக இருந்தால் இந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்திருப்பாள். பேச்சித்தாய் போய் நான்கு வருஷம் ஆகிறது. உயரமெல்லாம் அவள் வழியில் வந்தது, என் வழியில் வர ஒன்றுமில்லை, நான் ஐந்தடி மூன்றங்குலம், கல்யாணப் போட்டோவில் போட்டோக்காரர் என்னைப் பலகைமேல் ஏற்றி நிற்கவைத்தார், அந்தப் பலகை போட்டோவில் தெரியாது, எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் தெரியும்.

சட்டைப்பையில் அந்தத் தாள் இருக்கிறது. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, மனப்பாடம், இருந்தாலும் எடுத்துப் பார்க்கிறேன், மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து தேய்ந்துவிட்டது. விடுதியில் தொடர்வதற்கான தகுதி அளவுகள், கைப்பந்து, மாணவியர், பதினான்கு வயது நிறைந்தோர். வருகை தொண்ணூறு விழுக்காடு. பள்ளியில் தேர்ச்சி. உயரம் நூற்று அறுபத்தாறு சென்டிமீட்டர். நின்ற இடத்திலிருந்து உயரம் தாண்டுதல் நாற்பது சென்டிமீட்டர். மேற்கண்டவற்றுள் எதிலேனும் குறைவுபடுவோர் விடுதியில் தொடர இயலாது. இயலாது என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அதற்கு அர்த்தம் போய்விடுகிறது, வெறும் நான்கு எழுத்தாகிவிடுகிறது, பிறகு மறுபடி அர்த்தம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. வருகை சரியாக இருக்கிறது, ஒன்பதாம் வகுப்பு தேறிவிட்டாள், குதிப்பதில் அவளைப் பற்றிக் கவலையே இல்லை, நாற்பத்தாறு குதிப்பாள், அவள் குதிக்கும்போது பார்த்தால் யாரோ மேலேயிருந்து முடியைப் பிடித்துத் தூக்குவதுபோல இருக்கும். உயரம்தான். கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கதவு நிலையில் நிற்கவைத்து அளந்தேன். காலையில் எழுந்ததும் நூற்று அறுபத்தாறு புள்ளி இரண்டு. சாயங்காலம் நூற்று அறுபத்து நான்கு புள்ளி ஒன்பது. பத்து நாளும் இதே கணக்கு. நடக்க நடக்க, உட்கார உட்கார, மனிதன் தேய்கிறான். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன், கிளை நூலகத்தில், அட்டை போன ஓர் உடலியல் புத்தகத்தில்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் பத்துமணி வரை எனக்குத் தூக்கம் வராது, நூல் மில்லின் இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அது அடங்கும்வரை நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன், எட்டாம் வகுப்போடு நின்றவன் அங்கேதான் எல்லாவற்றையும் படித்தேன், எரிமலை, யாப்பு, ரயில்வே, மூலம் வராமல் தடுப்பது எப்படி, எது கையில் கிடைக்கிறதோ அது. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையில் மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கின்றன, நிற்கும்போது பாரத்தில் அவற்றிலிருந்து நீர் வெளியேறிச் சப்பையாகின்றன, படுத்தால் நீர் திரும்பி ஊறி உப்புகின்றன. எவ்வளவு அழகான விஷயம். மில்லில் எல்லோரிடமும் சொன்னேன், என் பக்கத்து மிஷினில் நிற்கும் சங்கிலிமுத்து, அப்ப செத்தவன்தான் எல்லாரையும் விட உயரமா இருப்பான்னு சொல்லு, என்றான். படிக்காதவனுக்கு எல்லாம் நக்கல்தான். அவன் சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது, கோபம் போன பிறகு, இன்று விடியற்காலையில், குட்டியானை வண்டியின் பின்பக்கம் அவளைப் படுக்கவைத்து நான் தலைமாட்டில் உட்கார்ந்து வந்தபோது, ஓர் ஊர் முக்கில் டீக்கடை வாசலில் நின்ற பெரியவர் எங்களைப் பார்த்துத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரியுமா, போர்வைக்குள் இருக்கிற பெண் அந்த நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று. நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று கத்தவேண்டும்போல இருந்தது, வண்டி தாண்டிவிட்டது.

கஸ்பார் வருகிறார். கடற்கரை ஊர்க்காரர், அவர் மகள் ரெக்ஸலினும் இவளும் ஒரே அறை. ரெக்ஸலின் இப்போதே நூற்று எழுபத்திரண்டு, அந்த வீட்டில் எல்லோரும் தென்னைமரம், அவருக்குக் கவலை கணக்குப் பாடத்தில் மட்டும்தான் இருந்தது, அதுவும் முப்பத்தாறு மார்க்கில் தீர்ந்துவிட்டது. அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் மகளைக் கொஞ்ச நேரம் மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "அண்ணாச்சி, புள்ளய வளக்கியளா, பலாப்பழத்தப் பழுக்கப் போட்டுருக்கியளா?" என்றார். சுற்றியிருந்த அம்மாக்கள் சிரித்தார்கள், படுத்திருந்தவளும் சிரித்தாள், வயிறு குலுங்க, சிரிக்காதே என்று நான் அவள் நெற்றியில் கைவைத்தேன். ஆனால் நான் அவருக்கு வட்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை யாரோ கேட்டிருக்க வேண்டும், கால்மணி நேரத்தில் இரண்டு பெண்பிள்ளைகளை அவரவர் அம்மாக்கள் துப்பட்டாவை விரித்துப் படுக்கவைத்துவிட்டார்கள், பிறகு இன்னொன்று, வராந்தா இப்போது குடும்பக்கட்டுப்பாடு முகாம் மாதிரி இருக்கிறது என்று கஸ்பார் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், பெருமைதான். கல்லூரி படித்தவள்போல இருக்கிற ஒரு அம்மா என்னிடம் வந்து, தலையணை வைக்கலாமா சார், என்று கேட்டாள். சார். தலையணை கூடாது என்றேன், நிதானமாக, மருத்துவர் மாதிரி.

இவளுடைய கோச் தெய்வக்கனி மேடம் மட்டும் அன்றைக்கு வேறு மாதிரி சொன்னார். விடுமுறைக்கு அழைத்துப்போக வந்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, உயரம் ஒண்ணு ரெண்டு கூடக்குறைய இருந்தா நான் எழுதிக் குடுத்துப் பாத்துக்கிடுவேன், பதினாலு வயசுப் புள்ள, இன்னும் வளரும், குதிக்கிறதுதான் முக்கியம், லீவுல விடாம குதிக்கச் சொல்லுங்க, என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தாளை எடுத்துப் பார்த்தேன், எழுதிக் கொடுத்தால் பார்த்துக்கொள்வார்கள் என்று அதில் எங்கேயும் இல்லை. இருபத்திரண்டு வருஷ மில் வேலையில் வாயால் சொன்ன எதுவும் எனக்கு நடந்ததில்லை. அடுத்த மாசம் உனக்குப் பகல் ஷிப்ட் என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னார், அவர் மாறிப்போய் அடுத்தவர் வந்து அவரும் சொன்னார், பகலுக்கு மில் விடுதிப் பெண்கள் வேனில் வந்து இறங்குகிறார்கள், ராத்திரிக்குத்தான் ஆள் இல்லை, உன்னை விட்டால் யார் இருக்கா என்று மூன்றாவது ஆள் தோளில் தட்டிச் சொன்னார். தாளில் இருப்பதுதான் இருக்கும். தாளில் நூற்று அறுபத்தாறு என்றால் நூற்று அறுபத்தாறு. அந்தம்மா நல்லவர்தான், ஆனால் நல்லவர்களைத்தான் முதலில் மாற்றல் செய்கிறார்கள்.

கைப்பந்து எனக்குப் பிடிக்குமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். இரண்டு முறை ஆட்டம் பார்த்திருக்கிறேன், எப்போது பாயிண்ட், எப்போது இல்லை என்றே புரியவில்லை, எல்லோரும் கைதட்டியபோது தட்டினேன். எனக்குத் தெரிந்தது இந்த விடுதியின் கேட் மட்டும்தான். சாயங்காலம் ஆறரைக்குப் பூட்டுகிறார்கள், உள்ளே ஒரு வார்டன், ஒரு காவல்கார அம்மா, ஓர் அறைக்கு எட்டுப் பெண்கள். அந்தக் கேட்டைத்தான் நான் மூன்று வருஷமாகத் தக்கவைத்துக்கொண்டு வருகிறேன். வீட்டில் பூட்டியவன் நான். பேச்சித்தாய் இறந்துபோன வருஷம் இவளுக்குப் பத்து முடிந்து பதினொன்று, சொந்தம் என்று கூப்பிட யாருமில்லை, நான் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவேன், உள்தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது, ஓர் உதை தாங்காது, வெளிப்பூட்டுதான் பத்திரம் என்று நினைத்தேன், சாவி என் இடுப்பில் இருக்கும். ஒருநாள் காலை ஆறு மணிக்கு வந்து திறக்கிறேன், வாசலிலேயே நான்கைந்து பேர், பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே இவள் கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்தபடியே காய்ச்சலில் தூங்கியிருந்தாள், வாந்தி காய்ந்து பாவாடையில் ஒட்டியிருந்தது, கதவைத் திறந்ததும் என் கால்மேல் சரிந்தாள். ராத்திரியெல்லாம் தட்டியிருக்கிறாள். பக்கத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள், கதவுக்கு இந்தப்பக்கம் நின்று பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், பூட்டை உடைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, அடுத்தவன் வீட்டுப் பூட்டு. அவள் அழவில்லை. சாவியை எங்கேப்பா வச்சிருந்த, என்று மட்டும் கேட்டாள். அந்த மாதமே விடுதித் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். இப்போது அவளுக்குப் பதினான்கு. பதினொன்றைப் பூட்டலாம், பதினான்கைப் பூட்டினால் தெரு என்ன பேசும், பூட்டாவிட்டால் என்ன நடக்கும், ஆடுகிற தாழ்ப்பாளை மாற்றினால் போதுமா, கதவே ஓட்டைக் கதவு, விடுமுறை ராத்திரிகளில் மிஷின் முன்னால் நின்றாலும் என் நினைப்பு அந்தக் கதவிலேயேதான் இருந்தது. இன்று ராத்திரி பத்துமணிக்கு எனக்கு ஷிப்ட். ஒரு நாள் லீவுக்கே ஃபோர்மேன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

எட்டரைக்குக் கூப்பிட்டார்கள். பெயரை முழுதாகப் படித்தார்கள், வெயிலுகந்தாள், அது அவள் அம்மாவின் நேர்த்திக்கடன் பெயர், இங்கே எல்லோருக்கும் வெயிலு. நானும் கஸ்பாரும் போர்வையின் நான்கு முனையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு அரங்கத்து வாசல் வரை போனோம், அதற்குமேல் பெற்றோருக்கு அனுமதியில்லை, கயிறு கட்டியிருந்தது. எழுந்திரிச்சுக் குலுங்காம நட, பத்தடி தூரந்தான், என்றேன். எழுந்தவள் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டாள், கால் மரத்துப்போயிருக்கும், தண்ணீருக்குள் நடப்பவள்போல நடந்தாள். மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அளவுக் கம்பத்தின் மேல் பலகையை இறக்கினார். அது அவள் தலையில் உட்கார்ந்தது. நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன், என் முதுகும் நிமிர்ந்தது, என்னையும் சேர்த்து அளக்கிறார்கள்போல. நூத்தியறுபத்தாறு புள்ளி மூணு, என்று அவர் சொன்னார், எழுத்தர் எழுதினார், எழுதியதை நான் பார்த்தேன், பேனா நகர்ந்தது, தாளில் ஏறிவிட்டது. கஸ்பார் என் முதுகில் ஓங்கி ஓர் அறை கொடுத்தார். என் கண்ணில் தண்ணீர் வந்தது அந்த அறையினால்தான் என்று அவர் நினைத்திருப்பார். புள்ளி மூன்று. நான் எதிர்பார்த்ததைவிடப் புள்ளி ஒன்று கூடுதல். அந்தப் புத்தகத்தை எழுதியவர் உயிரோடு இருந்தால் காலில் விழுவேன்.

அங்கேயே விட்டிருக்கலாம். மிஷினில் அறுந்த இழையை ஒட்டியாகிவிட்டது என்றால் அடுத்த கதிருக்கு நகர வேண்டும், ஒட்டிய இடத்தையே தடவிக்கொண்டு நிற்பவன் நல்ல வேலைக்காரன் இல்லை. ஆனால் அந்தத் தலையணை அம்மா வந்து, போன வருஷம் எல்லாம் முடிஞ்ச பிறகு ரெண்டு பேரை மறுபடி அளந்தாங்களாமே சார், சந்தேகப்பட்டு, என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன், அவளுக்கும் யாரோ சொன்னது. சந்தேகம் என்றால் யார்மேல் வரும், படுக்கையோடு தூக்கிக்கொண்டு வரப்பட்டவள்மேல்தான் வரும். குதிப்பதற்கு இவள் முப்பத்தோராவது ஆள், பத்தரைக்குமேல் ஆகும், இரண்டு மணி நேரம் நடமாடினால் அந்தப் புள்ளி மூன்றும் போய் அதற்குக் கீழும் போகும். மறுபடி படு என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். வெளியே மைதானத்தில் மற்ற பெண்கள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள், முழங்காலை மார்பு வரை தூக்கித் தூக்கி, கைகளைச் சுற்றி, ஒரே தாளத்தில் பத்துப் பதினைந்து ஷூக்களின் சத்தம். அப்பா, ஓடிட்டு வரேன்ப்பா, உடம்பு கெட்டியாயிருச்சு, என்றாள். உனக்குத்தான் நாற்பத்தாறு வருமே, ஆறு சென்டிமீட்டர் கையிருப்பு இருக்கு, உயரத்தில் நமக்கு என்ன இருக்கிறது, புள்ளி மூன்று, என்றேன். எனக்கு அது நல்ல கணக்காகப் பட்டது. கையிருப்பு உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு எடுத்து வைப்பது. தெய்வக்கனி மேடம் விசிலோடு வராந்தா முனையில் வந்து நின்று, வெயிலு, வாம்-அப்புக்கு வரலையா, என்றார். இப்ப வந்திருவா மேடம், என்றேன் நான். அவர் போய்விட்டார், அவருக்கு நாற்பது பிள்ளைகள். அவள் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள், இந்தத் தடவை புறாக்களை எண்ணவில்லை, கால்விரல்களை மட்டும் மடக்கி மடக்கி நீட்டினாள், அதையும் நான் போர்வைக்குமேல் கைவைத்து அமர்த்தினேன். அமர்த்தினேன். அந்த விரல்கள் என் உள்ளங்கைக்குக் கீழே அடங்கிய விதம் இப்போதும் கையில் இருக்கிறது.

குதிப்பது கயிற்றுக்கு இந்தப்பக்கமிருந்தே தெரியும். சுவரில் கறுப்புப் பலகை, விரல்நுனியில் சாக்பீஸ் பொடி, முதலில் நின்றபடி எட்டித் தொட்டு ஓர் அடையாளம், பிறகு குதித்துத் தொட்டு இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் நாற்பதா இல்லையா என்று சொல்லும். மூன்று வாய்ப்பு. ரெக்ஸலின் நாற்பத்து நான்கு. அடுத்து இவள். பாயிலிருந்து எழுந்து நேராகப் போய் நின்றாள். முழங்காலை மடக்கினாள், கையைப் பின்னால் வீசினாள், எழும்பினாள், எழும்பியதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, யாரும் அவளை மேலேயிருந்து தூக்கவில்லை. முப்பத்தேழு. அவள் தன் கால்களைக் குனிந்து பார்த்தாள், வேறு யாருடைய கால்களையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டதுபோல. ஆடுசதையைப் பிசைந்துவிட்டுக்கொண்டாள். இரண்டாவது முப்பத்தெட்டரை. பெண்கள் பக்கமிருந்து ஏய் வெயிலு, வெயிலு என்று சத்தம் வந்தது. அந்தப் புத்தகத்தில் முதுகைப் பற்றித்தான் இருந்தது, காலைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில் இருந்திருக்கும், அந்தப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள், இருந்திருந்தாலும் படித்திருப்பேனா, எனக்கு வேண்டியது முதுகு, முதுகு கிடைத்ததும் மூடிவைத்துவிட்டு ஊரெல்லாம் சொல்லப் போய்விட்டேன். பதினாறு மணி நேரம் கட்டிப்போட்ட மாட்டை அவிழ்த்துவிட்டால்கூட நாலு எட்டு நொண்டும், இதற்குப் புத்தகம் வேண்டுமா. மூன்றாவதுக்கு அவள் நேரம் எடுத்துக்கொண்டாள், சுவரைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே மெல்லத் துள்ளினாள், உடம்பு சூடாகட்டும் என்று, அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், குதிம்மா என்றார். குதித்தாள். இறங்கும்போது இடது கால் சுருட்டிப் பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொன்பது.

தெய்வக்கனி மேடம்தான் ஓடிவந்து காலை நீட்டிப் பாதத்தைப் பிடித்து மடக்கினார். கயிற்றைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போய்விட்டேன், யாரும் தடுக்கவில்லை. அவர் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டார். "லீவுக்குப் போறதுக்கு மொத நாள் நாப்பத்தாறு குதிச்ச புள்ள நீ. என்ன நடந்துச்சுன்னு சொல்லு. நான் சார்கிட்ட பேசுறேன், சாயங்காலம் இன்னொரு தடவ குதிக்கலாம்." அவள் என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் சொல்லியிருக்க வேண்டும். நேற்று ஆறு மணியிலிருந்து படுக்கவைத்தவன் நான், ஓடவிடாமல் காலைப் பிடித்து அமர்த்தியவன் நான், இவள்மேல் ஒன்றுமில்லை. இரண்டு வரி. ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது வேறு, சொன்னால் படுக்கவைத்து வந்த உயரம் செல்லாது என்பார் அதிகாரி, சாயங்காலம் உயரத்தையும் சேர்த்து மறுபடி அளப்பார், சாயங்காலம் இவள் நூற்று அறுபத்து நான்கு புள்ளி ஒன்பது, அப்போது குதித்து என்ன பயன், இந்தம்மா எழுதிக் கொடுப்பேன் என்றார்தான், அது வாய்ச்சொல், தாளில் இல்லை, ஏறியிருக்கிற புள்ளி மூன்றையாவது காப்பாற்றிக்கொண்டால், எதற்குக் காப்பாற்றுவது, எதில் குறைந்தாலும் இயலாது என்றல்லவா இருக்கிறது, அப்படியானால் சொன்னால் என்ன, சொன்னால் என்ன, நடு ராத்திரியில் மிஷினில் பத்து இழை ஒரே நேரம் அறும்போது எதை முதலில் பிடிப்பது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றுவிடும், அப்படி நின்றேன். அவள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல மேடம். இன்னிக்கு வரல," என்றாள். அதிகாரி முப்பத்திரண்டு என்று கூப்பிட்டார். மேடம் இன்னும் ஒரு நொடி அவள் காலைப் பிடித்திருந்தார், பிறகு விட்டார்.

அலுவலக அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. பெட்டியையும் பாயையும் ரெக்ஸலின் மூட்டைகட்டி வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அழுதுகொண்டு, எங்களோடு பேசாமலே போனாள். கஸ்பார் தூரத்தில் நிற்கிறார், கேலிக்காரருக்கு இப்போது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எழுத்தர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் முன்னால் தள்ளினார். தகுதி இல்லை என்று அவர்கள் எழுதுவதில்லையாம், எழுதினால் அது பிள்ளையின் சான்றிதழோடு போகுமாம், அதனால் எல்லோரும் தாங்களாகவே விலகுவதாக எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம், உங்க நல்லதுக்குத்தான் சார், என்றார். அவள் எழுத உட்காரவில்லை, நாற்காலி இருக்கிறது, நின்றுகொண்டே மேசைமேல் குனிந்து எழுதுகிறாள், வலதுகாலில் மட்டும் ஊன்றி. கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கும், அவள் அம்மா பால்கணக்கு எழுதினதுபோல. மணி பன்னிரண்டாகப் போகிறது. ஒன்றரைக்குப் பஸ், மூன்றரைக்கு வீடு, பத்துமணிக்கு ஷிப்ட், நடுவில் ஆறரை மணி நேரம், அதற்குள் ஒரு தச்சரைப் பிடிக்க முடியுமா, பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது, இன்று ஒருநாள் லீவு சொல்லலாம், நாளைக்கு, நாளை மறுநாள். அவள் பேனாவை நிறுத்தினாள். என்னைக் கேட்கவில்லை, எழுத்தரைத்தான் கேட்டாள்.

"காரணம் என்னன்னு எழுதட்டும் சார்?"

"குடும்பச் சூழ்நிலைன்னு எழுதும்மா. எல்லாரும் அதான் எழுதுவாங்க."

அவள் எழுதினாள். எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள், பெற்றோர் கையொப்பத்துக்காக. எதையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கில்லை. முதல் வரியிலிருந்து படித்தேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக விடுதியில் தொடர இயலாது என்று எழுதியிருந்தாள். ஒரு பிழைகூட இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.